மலை ஒத்துக்கொள்ளாத பிள்ளையா, பின் சீட்டில் பெட்ரோல் வாசனையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே மாதம் பிறந்தால் ஏற்காட்டில் கோடை விழா. அடிவாரத்தில் கார்கள் வரிசை கட்டி நிற்கும். பாதி கார்களில் பின் சீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள். மேலே போகப் போக வளைவுக்கு வளைவு ஒரு கார் ஓரம் கட்டியிருக்கும். ஒரு அம்மா பிள்ளையின் நெற்றியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பார். ஏற்காடு ரோட்டில் இது எல்லோரும் பார்த்துப் பழகிய காட்சி. அப்படி நான் ஐந்து மாதம் நின்றேன். அதற்குக் காரணம் மலை இல்லை, என் காரின் பெட்ரோல் டேங்க் என்று தெரிய எனக்கு அத்தனை நாள் ஆயிற்று. விடுமுறைக் கூட்டம் கிளம்புவதற்குள் இதை நாலு பேர் படித்துவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். கடிதம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கோரிமேட்டில் குடியிருக்கிறேன். அம்மாபேட்டையில் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், வடநாட்டு லைன். மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அம்மா வீடு நாகலூரில், மலைமேல். கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு. அப்பா போனபிறகு அம்மா தனியாக இருப்பதால், சனிக்கிழமை கடை முடிந்ததும் மகனை ஏற்றிக்கொண்டு மேலே போய்விட்டு ஞாயிறு மாலை இறங்கிவிடுவேன். கார் 2011 மாடல், 2019-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்ன பெட்ரோல் கார். அதுவரை வழியில் ஒரு நாள்கூட நின்றதில்லை.

மகனுக்கு ஒன்பது வயது. கைக்குழந்தையிலிருந்து அந்த மலையில் ஏறி இறங்குகிறவன். இருபது கொண்டை ஊசி வளைவையும் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வருவான். குரங்கைப் பார்த்தால் கண்ணாடியை ஏற்றுவான், தாண்டியதும் இறக்குவான். போன ஜூனில் ஒரு சனிக்கிழமை ஏழாவது வளைவில், “அம்மா, நிறுத்து” என்றான். நிறுத்துவதற்குள் சட்டையெல்லாம் வாந்தி. துடைத்துவிட்டுக் கிளம்பும்போது, “பின்னாடி பங்க் வாசனை வருதும்மா” என்றான். முன்னால் ஒரு லாரி ஏறிக்கொண்டிருந்தது. “அந்தப் புகைதான் கண்ணு” என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஒரு பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை. முதல் நாளே அவன் சொல்லிவிட்டான். நான்தான் கேட்கவில்லை.

அடுத்த வாரமும் வாந்தி. அதற்கடுத்த வாரமும். “புள்ளைக்கு இப்பதான் மலை ஒத்துக்கல போல” என்று அம்மா சொன்னார். எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தோம். சுக்குத் தண்ணீர் கொடுத்தோம். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டோம். பழைய பால் தூக்கு ஒன்று அவன் காலடியிலேயே இருக்கும், வாந்திக்கு. டாக்டரிடமும் காட்டினேன். மலை ஏறினால் வாந்தி எடுக்கிறான் என்றுதான் சொன்னேன், வாசனையைப் பற்றி வாய் திறக்கவில்லை. சொல்லாத விஷயத்துக்கு அவர் என்ன செய்வார்? கிளம்புவதற்கு அரை மணி நேரத்துக்கு முன் போட ஒரு மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்டால் பையன் பின் சீட்டில் சுருண்டு தூங்கிவிடுவான். வாந்தி இல்லையே என்று எனக்கும் நிம்மதியாக இருந்தது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு தங்கும். நான் பிள்ளையைக் கொண்டுபோய் அதற்குள்ளேயே படுக்க வைத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாராவது அதே காரியத்தைச் செய்துகொண்டிருக்கலாம். ஆடி மாதம் ஒருநாள் காலையில் கார் கதவைத் திறந்தபோது எனக்கே லேசாக வாசனை அடித்தது. வாந்தி நாற்றமும் பெட்ரோல் நாற்றமும் கலந்த மாதிரி. வெள்ளிக்கிழமை. சாமி படத்துக்குக் காட்டிய ஊதுபத்தியை அப்படியே கொண்டுவந்து டேஷ்போர்டில் குத்தி வைத்துக் கதவைச் சாத்தினேன், நாற்றம் போகட்டும் என்று. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரிக்கும் கீழேயே தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விடுகிற பொருள். காற்றில் அந்த ஆவி நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு சேர்ந்தால் போதும், ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும். அன்றைக்கு அந்த அளவு சேரவில்லை, அவ்வளவுதான். நம் பக்கத்தில் அமாவாசைக்கு வண்டிக்குச் சூடம் காட்டாத வீடு இல்லை. காட்டட்டும். ஆனால் பெட்ரோல் வாசனை அடிக்கிற வண்டிக்குள் சூடமும் ஊதுபத்தியும் கூடவே கூடாது. பெர்ஃப்யூம் டப்பா மாட்டுவதும் தப்புதான், அது மூக்கை ஏமாற்றிவிடும்.

செப்டம்பரில் பிரேக் வேலைக்காக காரை விட்டிருந்தேன். அந்தச் சனிக்கிழமை புது பஸ் ஸ்டாண்டில் ஏற்காடு பஸ் ஏறினோம். கூட்டம். நின்றுகொண்டுதான் போனோம். வளைவுக்கு வளைவு பஸ் சாய்கிறது, பக்கத்தில் ஒரு அம்மா வாந்தி எடுக்கிறார். என் மகனோ வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டு “பதினாலு, பதினைஞ்சு” என்று வளைவை எண்ணிக்கொண்டு வருகிறான். மாத்திரையும் இல்லை, எலுமிச்சையும் இல்லை. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. பஸ்ஸில் ஒத்துக்கொள்கிற மலை காரில் மட்டும் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை? சரி, காரிலேயே இறங்கும்போது ஏன் அவன் ஒருநாளும் வாந்தி எடுப்பதில்லை? இறங்கும்போதும் அதே இருபது வளைவுதானே!

நான் கணக்கு எழுதுகிறவள். ஒரு கணக்கு உதைத்தால் பேரேட்டை முதலிலிருந்து புரட்டுவோம். அதையே இதற்கும் செய்தேன். அவனுடைய பழைய கட்டுரை நோட்டில் கோடு போட்டு, தேதி, டேங்கில் முள் எங்கே இருக்கிறது, கண்ணாடி திறந்ததா மூடியதா, எந்த வளைவில் என்ன ஆயிற்று என்று நாலு பத்தி பிரித்துக்கொண்டேன். ஆறு வாரம் எழுதினேன். முதல் சனி: டேங்க் ஃபுல், மழை, கண்ணாடி மூடி, ஆறாவது வளைவில் வாந்தி. இரண்டாவது: முள் பாதிக்குக் கீழே, கண்ணாடி மூடி, ஒன்றும் இல்லை. மூன்றாவது: ஃபுல், கண்ணாடி திறந்து, தலைவலி மட்டும். நான்காவது: கால் டேங்க், மழை, மூடி, ஒன்றும் இல்லை, எலுமிச்சை இல்லாமலேயே. ஐந்தாவது: ஃபுல், மூடி, ஐந்தாவது வளைவிலேயே. ஆறாவது வாரம் வேண்டுமென்றே கால் டேங்கில் போனேன், ஒன்றும் இல்லை. ஆறு ஞாயிறும் இறங்கும்போது ஒன்றுமே இல்லை. மலைக்கும் மகனுக்கும் சண்டை இல்லை என்று நோட்டே சொல்லிவிட்டது. டேங்க் நிறைந்திருந்து, கார் மூக்கைத் தூக்கி ஏறும்போதுதான் வருகிறது.

நானே ஏன் முகரவில்லை என்று கேட்பீர்கள். முன் சீட்டில் எனக்கு நேராக ஏசி காற்று வருகிறது. அது போக, மூக்கு ஒரு வாசனைக்குச் சில நிமிடத்தில் பழகிவிடும். அப்புறம் அது இருந்தாலும் தெரியாது. அதனால்தான் காரில் வாசனை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஓட்டுகிறவரைக் கேட்கக் கூடாது. ராத்திரி முழுக்க மூடிக் கிடந்த காரின் பின் கதவை விடிகாலையில் திறந்து, அந்தக் காரில் ஏறாத ஒருவரை உள்ளே தலையை நீட்டச் சொல்ல வேண்டும். என் வீட்டில் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். தலையை நீட்டியதும் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

ஒர்க்‌ஷாப் கதைக்கு வருகிறேன். முதலில் காட்டிய இடத்தில் ஒரு தம்பி காரை எடுத்துக்கொண்டு பைபாஸில் ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து, “ஒண்ணும் இல்லக்கா, பழைய வண்டின்னா கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்” என்றார். ஏர் ஃபில்டரை மாற்றினார். இரண்டாவது இடத்தில் பெட்ரோல் மூடியை மாற்றினார்கள், இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீச்சுகிற இன்ஜெக்டரைச் சுத்தம் செய்தார்கள், உள்ளே நுரை போட்டுக் கழுவினார்கள். 4,200 ரூபாய். கார் பளபளவென்று வந்தது. சனிக்கிழமை ஃபுல் டேங்கோடு போனால் ஐந்தாவது வளைவில் வாந்தி. அவர்கள் யாரும் ஏமாற்றவில்லை. சமதரையில் ஓட்டிப் பார்த்தார்கள், சமதரையில் அந்தக் கோளாறு வராது. சேலத்தில் ஓட்டிப் பார்த்து ஏற்காட்டுக் கோளாறைக் கண்டுபிடிக்க முடியாது என்பதை நான் இரண்டு பில் கட்டித் தெரிந்துகொண்டேன்.

மூன்றாவதாகப் போனவர் வயதானவர், அறுபது இருக்கும். கோரிமேடு பக்கம் மரத்தடியில் இரண்டு வண்டி நிற்கிற அளவுக்கு ஒரு கொட்டகை. பேர் போட்டால் பிடிக்காது என்று சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். “ஏம்மா, காலையில ஸ்டார்ட் பண்ணினதும் வருதா? ஓடி நின்னப்புறம் வருதா? வெளியே நின்னா வருதா, உள்ளே உக்காந்தா வருதா? பெட்ரோல் போட்ட அன்னிக்கா, ரெண்டு நாள் கழிச்சா? ஏறும்போதா, இறங்கும்போதா?” நான் பதில் சொல்லாமல் நோட்டை எடுத்து நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறு வாரத்தையும் படித்தார். “இதுதாம்மா வேணும். பாதி வேலை முடிஞ்சுது” என்றார்.

அந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது என்று அப்புறம் விளக்கினார். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் அடித்தால், பெரும்பாலும் இன்ஜெக்டரில் இருக்கிற ரப்பர் வளையம் (ஓ ரிங்) அல்லது இன்ஜினுக்கு வருகிற டியூப். இன்ஜெக்‌ஷன் வண்டியில் அந்த டியூபில் சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல மூன்று, நான்கு மடங்கு அழுத்தத்தில் பெட்ரோல் ஓடும், பக்கத்திலேயே கொதிக்கிற சைலன்சர் குழாய், அதனால் அது ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாத வேலை. வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைத்தான் வரவழைக்க வேண்டும். வெளியே, பெட்ரோல் ஊற்றுகிற பக்கம் மட்டும் அடித்தால் மூடியின் ரப்பர் அல்லது வாயிலிருந்து டேங்குக்குப் போகிற பெரிய ஹோஸ். பின்பக்கப் புகையில் பெட்ரோல் அடித்தால் இன்ஜின் சரியாக எரிக்கவில்லை, பிளக்கையும் சென்சாரையும் பார்க்க வேண்டும். தோட்டத்து வீடுகளில் ராத்திரி நிற்கிற வண்டி என்றால் எலி கடித்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பாராம். நாகலூரில் எங்கள் பக்கத்து வீட்டு ஜீப்பின் டியூபை எலி கடித்தது எனக்கே தெரியும். உள்ளே, பின் சீட்டில், டேங்க் நிறைந்திருக்கும்போது மட்டும் அடித்தால், சீட்டுக்கு அடியில் இருக்கிற பம்ப்பின் வாய்.

இது எனக்குப் புது விஷயம். நிறைய கார்களில் பெட்ரோல் டேங்க் பின் சீட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. டேங்குக்குள் மூழ்கியபடி மோட்டார் பம்ப். அந்தப் பம்ப்பை இறக்குகிற வட்டமான வாய், சீட்டைத் தூக்கினால் ஒரு சின்னத் தகரத் தட்டுக்குக் கீழே இருக்கும். அதை மூடி இறுக்குவது ஒரு பிளாஸ்டிக் வளையம். நடுவில் கசியாமல் பிடிப்பது ஒரே ஒரு ரப்பர் சீல். பிள்ளை உட்கார்ந்திருக்கிற இடத்துக்கும் பெட்ரோலுக்கும் நடுவில் ஒரு மெத்தை, ஒரு தட்டு, ஒரு ரப்பர்.

“சரி, மலைக்கே போயிட்டு வந்துடலாம்” என்று அவரே சொன்னார். டேங்கை நிறைத்துக்கொண்டு கிளம்பினோம். முன் சீட்டில் உட்காராமல் பின்னால், மகன் உட்காருகிற இடத்தில், கண்ணாடியெல்லாம் மூடச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அடிவாரம் வரை பேசிக்கொண்டே வந்தார். மூன்றாவது வளைவில் பேச்சு நின்றது. நான்காவது வளைவில், “போதும்மா, ஓரமா நிறுத்து” என்றார். இறங்கிக் கொஞ்ச நேரம் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். பிறகு தலையைத் தடவிக்கொண்டே கேட்டார், “இதுலயா அந்தப் புள்ள இத்தனை மாசம் வந்தான்?”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணாடி நாலையும் இறக்கிவிட்டு மெதுவாகத் திரும்பி வந்தோம்.

ஏன் மலையில் மட்டும் என்பதற்கும் அவர்தான் சொன்னார். கார் மூக்கைத் தூக்கியதும் டேங்கில் இருக்கிற பெட்ரோல் பின்னுக்குச் சரியும். டேங்க் நிறைந்திருந்தால் சரிகிற பெட்ரோல் பம்ப் வாயைத் தொடும்; வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் அலையடிக்கும். சமதரையில் அந்த ரப்பருக்கு ஆவி மட்டும்தான் எட்டும். மலையில் பெட்ரோலே எட்டும். “அப்புறம், கடையில சிப்ஸ் பாக்கெட் பாத்திருக்கியா, ஏற்காட்டுக்குக் கொண்டுபோனா பலூன் மாதிரி உப்பிக்கும்?” என்றார். பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு வாரமும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சேலத்தைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. பாக்கெட்டுக்குள் இருக்கிற காற்று வெளியே தள்ளுகிற மாதிரி, டேங்குக்குள் இருக்கிற ஆவியும் மேலே போகப் போக வெளியே தள்ளும். நல்ல ரப்பர் தாங்கும், கெட்டுப்போன ரப்பர் வழிவிடும்.

இதில் என் பங்கும் இருக்கிறது. பெட்ரோல் பங்கில் டேங்க் நிறைந்து பைப் தானாகவே ‘டக்’ என்று நின்றபிறகு, “ரவுண்டா போட்டுடட்டுங்களாக்கா?” என்று கேட்பார்கள். நானும் தலையாட்டுவேன். சில்லறைப் பிரச்சினை இருக்காது, நாகலூர் போய் வர நிம்மதி. பெட்ரோல் சூடானால் பெருகும். பத்து டிகிரி சூடேறினால் நூறு லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் கூடும். அதற்காகத்தான் டேங்கின் மேலே கொஞ்சம் காலி இடம் விட்டிருக்கிறார்கள். ‘டக்’ சத்தத்துக்குப் பிறகு ஊற்றுவது அந்தக் காலி இடத்தில்தான் போய் நிற்கிறது. அதுமட்டும் இல்லை, டேங்கில் எழுகிற ஆவியைப் பிடித்து வைக்க கரி நிரப்பிய டப்பா ஒன்று இந்தக் காலத்துப் பெட்ரோல் கார்களில் இருக்கிறது, கேனிஸ்டர் என்பார்கள். அது ஆவியைக் குடிப்பதற்கு. அளவுக்கு மேல் நிரப்பினால் பெட்ரோலே அதற்குள் போய் கரியை நனைத்துவிடும். நனைந்த கரி ஆவியைப் பிடிக்காது. அப்புறம் எந்த ரப்பரை மாற்றினாலும் வாசனை போகாது.

மறுநாள் வேலை. டேங்கில் நிறைய இருக்கக் கூடாது என்று பாதிக்குமேல் இறக்கி, மூடி போட்ட கேனில் தள்ளி வைத்தார். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். மர நிழலில் நான்கு கதவும் திறந்தபடி வண்டி. ஒரு வாளி மணல், ஒரு தீயணைப்பு சிலிண்டர். டீ கொண்டுவந்த பையனிடம் செல்போனைத் தூர வைத்துவிட்டு வரச் சொன்னார். பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு இன்ஜினை ஓடவிட்டார்; டியூபில் இருந்த பெட்ரோல் தீர்ந்து அதுவே நின்றது. அப்புறம்தான் பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றினார். அதற்குப் பிறகுதான் சீட்டைத் தூக்கினார்.

தகரத் தட்டைக் கழற்றியதும் எனக்கே தெரிந்துவிட்டது. பம்ப் வாயைச் சுற்றி செம்மண் தூசி படிந்திருந்தது. பின்பக்கம் மட்டும் பிறை வடிவத்தில் தூசியே இல்லை. அலம்பி விட்ட மாதிரி சுத்தமாக, கறுப்பாக, லேசான ஈரத்தோடு. வெள்ளை டிஷ்யூ பேப்பரை அங்கே ஒற்றி எடுத்து என்னிடம் நீட்டினார். முகர்ந்தேன். பங்க் வாசனை. என் மகன் ஜூன் மாதமே சொன்ன அதே வார்த்தை.

தூசி உள்ளே விழாமல் பிரஷ்ஷால் தட்டி, ஈரத் துணியால் துடைத்துவிட்டு, மரக்கட்டையை வைத்துத் தட்டித்தான் அந்த வளையத்தைத் திருகினார். வளையம் பிளாஸ்டிக்தான் என்றாலும், இரும்புச் சுத்தியல் பக்கத்துத் தகரத்தில் பட்டால் பொறி வரும் என்றார். பழைய ரப்பர் சீலை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்கம் ஊதிப் போய் மெத்தென்று இருந்தது. இன்னொரு பக்கம் தட்டையாகி, வற்றின ஏரியின் மண் மாதிரி நுண்ணிய வெடிப்பு. நகத்தால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நின்றது, திரும்பி எழவில்லை. புதுசை அழுத்தினால் உடனே எழுந்தது. கழற்றின பழைய சீலை மறுபடி மாட்டவே கூடாதாம். ஊதிப்போனது அந்தப் பள்ளத்தில் சரியாக உட்காராது. காசு மிச்சம் பிடிப்பதாக நினைத்துப் பழசையே போட்டு, மேலே கோந்து தடவி அனுப்புகிறார்கள் என்று வருத்தப்பட்டார்.

பக்கத்தில் ஆவி போகிற சின்ன டியூபை வளைத்துக் காட்டினார். வளைத்த இடத்தில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. அதையும் மாற்றினார். அதற்குப் பெட்ரோலுக்கென்றே செய்த டியூப்தான் வேண்டும் என்று கடைவீதிக்கு ஆள் அனுப்பி, வருகிறவரை ஒரு மணி நேரம் காத்திருந்தார். கையில் இருந்த சாதா டியூபைப் போட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கப் போவதே இல்லை.

இங்கே எத்தனாலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 முதல் நம் பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கி, இப்போது பெரும்பாலும் அதுதான் கிடைக்கிறது. 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரான கார்களில் அதற்கேற்ற ரப்பரும் பிளாஸ்டிக்கும் போட்டிருக்கிறார்கள். அதற்கு முந்தைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை, கேஸ்கெட்களை மாற்ற வேண்டி வரலாம் என்று மத்திய அரசின் பெட்ரோலியத் துறையே சொல்லியிருக்கிறது. 2011-ல் போட்ட ரப்பருக்கு வயதே போதும், கெட்டுப்போக. ஆனால் பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் சர்வீஸுக்கு விடும்போது, ஆயில் மாற்றச் சொல்கிற மாதிரி, “பெட்ரோல் டியூபையும் பம்ப் சீலையும் ஒருதடவை பாருங்க” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் யாரும் சீட்டைத் தூக்கிப் பார்ப்பதில்லை.

எல்லாம் மாட்டி, பேட்டரி வயரையும் ஃபியூஸையும் போட்டு, சாவியை இரண்டு முறை ஆன் செய்து ஆஃப் செய்தார், ஸ்டார்ட் செய்யாமல். பம்ப் அழுத்தம் ஏற்றட்டும் என்று. மறுபடி டிஷ்யூவால் சுற்றி வர ஒற்றினார். காய்ந்திருந்தது. அதற்குப் பிறகுதான் ஸ்டார்ட். மெத்தையில் ஊறின வாசனை போக இரண்டு நாள் வெயிலில் சீட்டைக் காய வைத்தோம். சீல், டியூப், கிளிப், கூலி எல்லாம் சேர்த்து 1,450 ரூபாய்.

அந்தச் சனிக்கிழமை டேங்க் நிறைத்து, கண்ணாடி மூடி, நாங்கள் மூன்று பேரும் போனோம். வீட்டுக்காரர் அந்த வாரம் வந்திருந்தார். அவரைப் பின்னால் உட்கார வைத்தேன், மகன் பக்கத்தில். பத்தாவது வளைவில், “வருதா?” என்று கேட்டேன். இரண்டு பேரும் மூக்கை இழுத்துப் பார்த்துவிட்டு இல்லை என்றார்கள். இருபதாவது வளைவில் மறுபடி கேட்டேன். அப்போதும் இல்லை என்றார்கள்.

பெட்ரோல் ஆவி தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் எல்லாம் கொண்டுவரும். மலைப்பாதை வாந்திக்கும் இதே அடையாளங்கள்தான், அதனால்தான் ஏமாந்துபோகிறோம். பெட்ரோலில் பென்சீனும் இருக்கிறது, ரத்தப் புற்றுநோய் வரவைக்கிற பொருள். அதனால்தான் பெட்ரோலில் அது நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதியே வைத்திருக்கிறார்கள். பெரியவர்கள் ஒருநாள் பங்கில் முகர்வது வேறு. ஒன்பது வயதுப் பிள்ளை வாரா வாரம் மூடின காரில் ஒரு மணி நேரம் முகர்வது வேறு. இப்போது டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி, ரத்தப் பரிசோதனையும் எடுத்துப் பார்த்துவிட்டோம். நன்றாக இருக்கிறான்.

எனக்கு மூன்று வேண்டுகோள் இருக்கிறது. பங்குகளில் வேலை செய்கிற தம்பி, தங்கைகளே, ‘டக்’ என்று நின்றால் அதோடு நிறுத்திவிடுங்கள். நாங்களே ரவுண்டாகப் போடச் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக மலைக்குப் போகிற வண்டிகளுக்கு இது இன்னும் முக்கியம். இரண்டாவது, அடிவாரத்தில் வண்டிகளை நிறுத்திச் சோதிக்கிறவர்கள், பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று கேட்கும்போதே, “வண்டிக்குள்ள பெட்ரோல் வாசனை வருதா?” என்று பின் சீட்டில் இருக்கிற பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். அதற்கு மெஷின் எதுவும் வேண்டாம். மூன்றாவது உங்களுக்கு, ஆசிரியர் அவர்களே. கோடை விழாவுக்கு ஒவ்வொரு வருஷமும் எங்கே பார்க்கிங், எந்த வழி ஒருவழிப் பாதை என்று விவரம் போடுகிறீர்கள். அதற்குப் பக்கத்தில் நாலு வரி இதையும் சேர்த்துப் போடுங்கள்: ஏறும்போது மட்டும் பிள்ளை வாந்தி எடுத்து, இறங்கும்போது நன்றாக இருந்தால், பின் சீட்டைத் தூக்கிப் பார்க்கவும்.

பழைய ரப்பர் சீலை நான் தூக்கிப் போடவில்லை. அந்த நோட்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன். யாராவது பார்க்க வேண்டும் என்றால் கடைக்கே எடுத்து வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோரிமேடு, சேலம்.